படுவான்கரையில் பிறை

27 பெப்ரவரி 2025, வியாழன்

கட்டுநாயக்காவில் வான் ஏறும்போது இரவு ஒன்பதரை. பிள்ளைகள் இருவரும் குருநாகலுக்கு முன்பே தூங்கிவிட்டார்கள். ஹபரணையில் தேநீருக்கு நிறுத்தியபோது மகள் மட்டும் எழுந்தாள். போன கிழமை மின்னேரியாப் பக்கம் ரயிலில் அடிபட்டு ஆறு யானைகள் செத்ததைச் சாரதி சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபிறகு அவள் தூங்கவே இல்லை. பொலன்னறுவை தாண்டும் வரை கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி இருட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஓட்டமாவடிக்கு வரும்போது ஸுபஹு பாங்கு சொன்னார்கள். சாரதி பள்ளிவாசல் ஓரமாக நிறுத்திவிட்டுத் தொழப் போனார். நானும் இறங்கி நின்றேன். இந்த ஊரில் இருந்து உள்ளே போகும் பாதையில்தான் என் வாப்பாவின் கபுறு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கொரோனாவில் மௌத்தானார். அதற்கு ஆறு மாதம் முந்தியென்றால் எரித்திருப்பார்கள். அந்த வருடம் பெப்ரவரிக் கடைசியில்தான் எரிக்கச் சொன்ன அரசாங்க உத்தரவு மாறி, மார்ச்சில் இருந்து அடக்க விட்டார்கள். அதுவும் நாடு முழுவதற்கும் ஓட்டமாவடி மஜ்மா நகர் ஒன்றுதான். காலியில் மௌத்தானாலும் கண்டியில் மௌத்தானாலும் இங்கேதான் கொண்டுவர வேண்டும். ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்கள் இங்கே அடங்கினார்கள். எங்களுக்காவது எங்கள் ஊர் காத்தான்குடியில் இருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நான் டோஹாவில் ஒரு வயதுப் பிள்ளையோடு இருந்தேன், இங்கே நாடு முழுக்க ஊரடங்கு. தம்பி போனில் அனுப்பிய அரை நிமிட வீடியோதான் நான் பார்த்த ஜனாஸா.

உம்மாவைப் பார்க்காமல் முதலில் அங்கே போக மனம் வரவில்லை. பாதையைப் பார்த்து சலாம் சொல்லிவிட்டு வானில் ஏறினேன்.

மட்டக்களப்பு டவுனுக்குள் நுழைய நன்றாக விடிந்துவிட்டது. நேற்றிரவு சிவராத்திரி. நெற்றியில் திருநீறும் சிவந்த கண்களுமாக ஆட்கள் கோயில்களில் இருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் எழுந்து, “இவங்கெல்லாம் ஏன் தூங்கல்ல?” என்று கேட்டான். இரவு முழுக்கச் சாப்பிடாமல் முழித்திருந்து கும்பிட்டுவிட்டு வருகிறார்கள் என்றேன். “நோன்பா?” “ஓம், அவங்கட நோன்பு.”

கல்லடிப் பாலம் கடந்து காத்தான்குடிக்குள் வந்ததும், பிரதான வீதியின் நடுவில் வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் கண்டு அவன் எழுந்து நின்றுவிட்டான். “உம்மா, திரும்பி டோஹாவுக்கே வந்திட்டமா?”

28 பெப்ரவரி, வெள்ளி

உம்மாவுக்கு வலக்கண்ணில் கட்டராக் (கண்புரை) எடுத்துப் பதினொரு நாள் ஆகிறது. அதற்காகத்தான் இந்தப் பயணமே. தங்கச்சி அடுத்த வளவில் இருக்கிறாள், தனியாக எல்லாவற்றையும் பார்த்தாள். தம்பி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விட்டான், எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பா கொத்துவேலை செய்து பதினான்கு வருடம் கட்டி முடித்த இந்த வீடு சீதனமாக என் பெயரில் எழுதியது. இதில் நான் குடியிருந்தது ஒன்றரை வருடம். 2014இல் கட்டார் போனவள்தான். வீட்டு உறுதிப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று நேற்றுத் தங்கச்சியிடம்தான் கேட்டேன்.

நோன்புக்கு முந்திய வெள்ளி என்றால் ஊர் முழுக்கக் கழுவுகிற சத்தம். பாய், தலையணை உறை, ஜன்னல், குசினிச் சுவர். உம்மா குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, சில கிழமைக்குத் தொழுகையில் சுஜூதுகூடக் கதிரையில் இருந்தபடிதான். கதிரையில் இருந்துகொண்டே மூலை மூலையாகக் காட்டினார், நான் தேய்த்தேன்.

இன்று நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம் 29, பிறை தெரிந்தால் நாளைக்கு நோன்பு. மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் பிறை பார்க்கப் போவோம் என்றேன். பிள்ளைகள் இரண்டும் கடற்கரைப் பக்கம் ஓடின. டோஹாவில் கோர்னிஷ் கடற்கரையில் நின்று வானத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், வானம் பார்க்கக் கடலுக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். தங்கச்சியின் மகன் மறித்துத் திருப்பினான். “கடல் கிழக்கு. பிறை ஆத்தங்கரையில.”

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். எங்களுடையது கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம், எழுவான்கரை. ஆற்றுக்கு அப்பால் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. பிறை எப்போதும் படுவான்கரைக்கு மேல்தான் தெரியும். சின்ன வயதில் வாப்பா என்னைத் தோளில் வைத்து நின்றதும் இந்த ஆற்றங்கரையில்தான். இன்றைக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். சூரியன் பட்டு அரை மணித்தியாலம் நின்றோம். மேல்வானத்தில் வெள்ளி பளிச்சென்று இருந்தது, பிறை இல்லை. பிறையைத் தீர்மானிக்கக் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடியிருந்தவர்களுக்கும் எங்கிருந்தும் தகவல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் முதல் நோன்பு என்று அறிவித்தார்கள்.

பிறகு என் மாப்பிள்ளை டோஹாவில் இருந்து போன் எடுத்தார். அங்கே பிறை கண்டாயிற்று, நாளைக்கு நோன்பு. மகள் போனைப் பிடித்தபடி முழித்தாள். “ஒரே நிலாதானே வாப்பா?”

1 மார்ச், சனி

மூன்றரைக்கே எழுந்துவிட்டேன். நோன்பு இல்லாத நாளில் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. டோஹாவில் அப்போது இரவு ஒரு மணி. அலாரம் வைத்தீர்களா, பிரிட்ஜில் கறி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவருக்குச் செய்தி போட்டேன். பத்துக்கு மேற்பட்ட வருடங்களில் அவர் தனியாக ஸஹர், விடியமுன் சாப்பாடு, செய்வது இதுதான் முதல் தடவை.

காலையில் மகள் கொப்பியும் பென்சிலுமாக வந்தாள். ஒன்பது வயது, இந்த வருடம் ஒரு நோன்பாவது முழுதாகப் பிடிப்பேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கேள்வி இதுதான்: நாங்கள் 20ஆம் திகதி டோஹா திரும்புகிறோம், பெருநாள் அங்கே. அங்கே 29 நோன்போடு பெருநாள் வந்தால் உம்மாவுக்கு, அதாவது எனக்கு, எத்தனை நோன்பு? எண்ணிப் பார்த்தால் இருபத்தெட்டு. எனக்கே தலை சுற்றியது. தங்கச்சியின் மாப்பிள்ளை மௌலவி, அவரிடம் கேட்டோம். எந்த ஊரில் இருக்கிறாயோ அந்த ஊரோடு பிடி, அந்த ஊரோடு பெருநாள் எடு. மாதம் 29க்குக் குறையாது, ஆகவே 28தான் வந்தால் பிறகு ஒன்றைக் கழாவாக, ஈடாகப் பிடித்துக்கொள் என்றார். அவள் கொப்பியில் “உம்மா +1” என்று எழுதினாள்.

பத்து மணி போலத் தயிர்க்கார அண்ணன் வந்தார். கொக்கட்டிச்சோலையில் இருந்து மோட்டார் சைக்கிளில் இருபது சட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். மண்முனைப் பாலம் 2014இல் திறப்பதற்கு முன்பு ஓடத்தில் வருவார். நோன்புக்கு முதல்நாள் உம்மா எப்போதும் இரண்டு சட்டி எடுப்பார். தான்தோன்றீஸ்வரர் கோயிலில் சிவராத்திரி முழித்த களைப்பு இன்னும் தீரவில்லை என்று திண்ணையில் இருந்தார். “ராத்தா, கண் எப்பிடி?” என்று விசாரித்துவிட்டு, எடுத்த கண்ணில் தண்ணீர் படவிடாதீர்கள், தலைக்குக் குளிக்க அவசரப்படாதீர்கள் என்று தன் அம்மாவுக்குச் சொல்வதுபோல் சொன்னார். அவருடைய அம்மாவுக்கும் போன வருடம் இதே சத்திரசிகிச்சை.

மாலையில் உம்மாவையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனோம். இன்றைக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. படுவான்கரைத் தென்னைகளுக்கு மேல், வெள்ளிக்குக் கீழே, நகம் வெட்டி எறிந்ததுபோல் மெல்லிய பிறை. ஆற்றங்கரை முழுவதும் ஒரே நேரத்தில் துஆ ஓதும் முணுமுணுப்பு. சின்னவன் கையைத் தூக்கிக்கொண்டு எல்லோருடைய வாயையும் பார்த்தான்.

உம்மா இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “போன வருஷம் எனக்கு மூணு பிறை தெரிஞ்சிது மகள். ஒண்டுக்கு மேல ஒண்டு. ஆருக்கும் செல்லல்ல. இப்ப ஒண்டுதான் இரிக்கி.”

போன வருடம் நான் வீடியோவில் தலைப்பிறை பார்த்தீர்களா என்று கேட்டதும், ஓம் நல்ல வடிவு என்று அவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. கட்டராக் முற்றினால் ஒற்றைக் கண்ணிலேயே ஒன்று பலதாகத் தெரியுமாம். ஒரு வருடம் முழுக்க அப்படியே சமைத்து, அப்படியே தெருவைக் கடந்திருக்கிறார். நாளுக்கு இரண்டு தடவை அவர் முகத்தை நான் போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2 மார்ச், ஞாயிறு. நோன்பு 1

ஸஹருக்குச் சோறு, பாலாணம், பொரித்த மீன், கடைசியில் தயிரும் சீனியும் வாழைப்பழமும் பிசைந்தது. டோஹாவில் ஓட்ஸும் முட்டையுமாக முடித்துவிடுவோம். மகள் அரைத் தூக்கத்தில் எல்லாவற்றையும் வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லச் சொல்ல, மூன்று கோப்பை தண்ணீர் குடித்தாள். ஐந்து மணிக்குப் பாங்கு.

பகல் பன்னிரண்டு வரை அவள் நன்றாகத்தான் இருந்தாள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் முழுவதும் விடுமுறை என்பதால் வளவு நிறையப் பிள்ளைகள். சின்னவன் லுஹருக்கு அரை நோன்பைத் திறந்துவிட்டு, இன்னொரு அரை நாளைக்குப் பிடித்தால் ஒன்று முழுதாகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். இரண்டு மணிக்குப் பிறகு மகள் சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். மூன்றரைக்கு உதடு வெளுத்துவிட்டது. மார்ச் மாதம் மட்டக்களப்பு வெயில் என்பது புழுக்கம், டோஹாவின் குளிரூட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளை.

பிடிக்கச் சொல்லி நான் அவளிடம் சொன்னதே இல்லை. இப்போது விடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறினேன். என்னுடைய ஆசைக்கு இவள் கஷ்டப்படுகிறாளோ என்று ஒரு பக்கம், அவளாக எடுத்த முடிவைப் பிடுங்கிவிடக்கூடாது என்று ஒரு பக்கம். உம்மா கதிரையில் இருந்து சொன்னார், “மகள், தண்ணி குடி. உனக்கு இன்னம் கடமையில்ல. அல்லாஹ் கோவிக்க மாட்டான்.” அவள் கண்ணைத் திறக்காமல் தலையாட்டி மறுத்தாள்.

அஸருக்குப் பிறகு தங்கச்சியின் மகன் கையில் வாளியோடு வந்து, “கஞ்சிக்கு வா” என்றான். எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளிவாசல் பின்வளவில் விறகு அடுப்பில் இரண்டு பெரிய கிடாரம். பச்சரிசி, மாட்டிறைச்சி, உள்ளி, இஞ்சி, வெந்தயம், கறுவா, ரம்பை, கடைசியில் தேங்காய்ப்பால். தோணியில் துடுப்புப் போடுவதுபோல் இரண்டு பேர் நின்று கிண்டுகிறார்கள். பிள்ளைகள் வரிசையில் தூக்குச்சட்டி, வாளி, பால்மா டின், எது கிடைத்ததோ அது. வாங்கி வந்த கஞ்சியை உம்மா சும்மா வைக்கவில்லை. எங்கள் வீட்டில் காய்ச்சியதில் ஒரு கோப்பை, தங்கச்சி வீட்டு சமூசா நாலு, மேலே மூடித் துணி கட்டி மகளிடம் கொடுத்தார். இது மூலை வீட்டு மாமிக்கு, இது ஆணம் காய்ச்ச ஆளில்லாத அந்தப் பெரியவருக்கு, இது தையல்கார ராத்தாவுக்கு. ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் வெறுங்கோப்பையைத் திருப்பித் தரமாட்டார்கள். ரோல்ஸ், கடற்பாசி, ஒரு வீட்டில் வட்டிலப்பம். அவள் போன கோப்பையும் வந்த கோப்பையுமாக ஒழுங்கை முழுக்க ஓடினாள், பசி எங்கே போனது என்று தெரியாது. “உம்மா, எல்லாரும் நான் உங்கட மகள் என்டு கேக்காமலே செல்றாங்க” என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

ஆறே காலுக்கு இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது பாங்கு கேட்டது. பக்கத்து வீட்டு வானொலியில் கொழும்பு நேரத்துக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. வாப்பா இருந்தால், சூரியன் முதலில் நமக்குத்தான், கொழும்புக்கு மறுகாதான் என்று சொல்லியிருப்பார். ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துவிட்டு மகள் அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

3 மார்ச், திங்கள்

அவள் இன்று பிடிக்கவில்லை. பதினொரு மணி வரை தூங்கினாள். சின்னவன் தன்னுடைய இரண்டாவது அரையைப் பத்து மணிக்கே பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டான். எனக்குத் தலைவலி, தேநீர் இல்லாத தலைவலி.

5 மார்ச், புதன்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று உம்மா இரண்டு நாளாகப் பகல் மருந்தைத் தள்ளிப்போட்டது இன்றுதான் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, அழுகையும். மௌலவி மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணில் விடுவதால் முறியாது, தொண்டையில் கசப்புத் தெரிந்தாலும் முறியாது, நம்முடைய ஷாஃபிஈ மத்ஹபில், நாம் பின்பற்றும் மார்க்கச் சட்டத்தில், அது தெளிவானது என்றார். உம்மா அவரிடம் மூன்று தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு முகத்தை நிமிர்த்தித் தந்தார். உங்கள் வீட்டில் கண் சத்திரசிகிச்சை முடித்த பெரியவர்கள் இருந்தால், நோன்பு தொடங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திவிடுங்கள். மருந்து விடுகிறோம் என்றுதான் சொல்வார்கள், போத்தலின் அளவைப் பாருங்கள்.

மகளுக்கு இன்று இரண்டாவது நோன்பு. பின்னேரம் நான் குசினியில் இருக்கும்போது அவள் போனில் வாப்பாவிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது. “கரங்காவோவுக்கு நாங்க இருக்க மாட்டமா?” டோஹாவில் ரமழான் 14ஆம் இரவு பிள்ளைகள் பை தொங்கவிட்டுக்கொண்டு பாட்டுப் பாடி வீடு வீடாகப் போவார்கள், கச்சானும் மிட்டாயும் தருவார்கள். போன வருடப் பையைக் கழுவி மடித்து அவள் அலுமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மாலையில் டிவியில் காட்டும் பீரங்கி வெடித்தால்தான் அவளுக்கு மஃரிப். கீழ்மாடி எகிப்து வீட்டு அம்மா தருகிற கதாயிஃப்தான் அவளுக்கு நோன்புப் பலகாரம்.

பிள்ளைகளை நோன்புக்கு ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஊர் எனக்குத்தான் ஊர். அவள் ஊரை விட்டு வந்திருக்கிறாள். பதினொரு வருடமாக நான் டோஹாவில் ஒவ்வொரு நோன்புக்கும் கஞ்சி காய்ச்சும்போது எனக்கு நெஞ்சில் என்ன இருந்ததோ, அதுதான் அவளுக்கு இப்போது இருக்கிறது. அதை எனக்குச் சொன்னால் எனக்கு வருத்தம் வரும் என்று வாப்பாவிடம் சொல்கிறாள். ஒன்பது வயதில் இதெல்லாம் எங்கே படித்தாள்?

இரவு தராவீஹுக்குப் பெண்கள் சேர்ந்து தொழும் இடத்துக்கு இருவரும் போனோம். திரும்பும்போது, கரங்காவோப் பாட்டைத் தங்கச்சியின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடேன் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க கேட்டீங்களா?” என்றாள். கேட்டேன் என்றேன். வீடு வரும் வரை கையை விடவில்லை.

7 மார்ச், வெள்ளி. நோன்பு 6

ஜும்ஆவுக்குப் பிறகு தம்பி வான் கொண்டு வந்தான். பெண்கள் மையவாடிக்குப் போவது பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். உம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: “நான் பாக்கோணும்.” மூன்றரை வருடத்தில் அவர் இரண்டு தடவை அங்கே போயிருக்கிறார், இரண்டு தடவையும் பனிமூட்டம் மாதிரித்தான் தெரிந்ததாம்.

மஜ்மா நகரில் நிழல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மணல், முட்செடி, வெயில், வரிசை வரிசையாகக் கபுறுகள். வாப்பாவின் கபுறு எண்ணைத் தம்பி போனில் வைத்திருக்கிறான். முஸ்லிம்கள் மட்டும் இல்லை, கொரோனாவில் போன வேறு சமயத்தவர்களும் சிலர் இதே மண்ணில்தான் இருக்கிறார்கள். அன்றைக்கு ஊர் பேர் தெரியாத எத்தனையோ ஜனாஸாக்களை இரவு பகலாக வாங்கி அடக்கிய ஓட்டமாவடிப் பொடியன்களைத் தம்பி இன்றும் “அவனுகள்” என்று உரிமையோடுதான் சொல்கிறான். ஒருவன் வாப்பாவின் கபுறுக்கு மண் போட்டுவிட்டுத் தன் உறவினர்போல் நின்று அழுதானாம்.

உம்மா தலைமாட்டுப் பக்கம் நின்று எண்ணை வாய்விட்டு வாசித்தார். பிறகு பக்கத்து எண், அதற்குப் பக்கத்து எண். வரிசை முடியும் வரை வாசித்துக்கொண்டே போனார். மகள் அவர் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். நான் நின்ற இடத்தில் நின்று யாசீன் ஓதினேன், பாதியில் தொண்டை அடைத்தது, தம்பி தொடர்ந்தான்.

திரும்பும் வழியில் ஏறாவூரை அடையும்போது வானம் மங்கிவிட்டது. வீதியோரத்தில் இளைஞர்கள் போகிற வாகனங்களை மறித்துத் தண்ணீர்ப் போத்தலும் சிறு பொதியும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற லொறியின் சாரதிக்கும் கொடுத்தார்கள், அவருடைய கண்ணாடியில் பிள்ளையார் படம். பொதிக்குள் மூன்று பேரீச்சம்பழம், ஒரு கட்லட், மூடிய கோப்பையில் கஞ்சி. தம்பி வானை ஓரம் கட்டினான். உச்சியில் அரை நிலா.

பாங்கு கேட்டது. உம்மா பிஸ்மி சொல்லிப் பழத்தைக் கடித்தார். எனக்கு ஒன்றைத் தந்துவிட்டு மகள் தன்னுடையதை வாய்க்குக் கொண்டுபோனவள், நிறுத்தி, வாப்பாவுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது என்றாள். கடிகாரத்தை அவள் பார்க்கவில்லை.